சாவின் எண்ணிக்கையும் சாவின் ஓசையும்: கொலம்பிய நாட்டு மெடெயின் நகர டெத் மெட்டல் இசை குறித்த திறனாய்வு

முன்னுரை

மேற்கத்திய ராக் இசையின் கிளைகளுள் டெத் மெட்டல் என்பது திறனாய்வுலகில் மிகக் குறைவாக மதிக்கப்பட்ட ஒன்றாகும். பிணம், அழுகல், கொலை, நரகம் ஆகியவற்றைப் பாடுபொருளாகக் கொண்டது. சொல் விளங்காத அடித்தொண்டை உறுமலில் பாடப்படுவது. கேட்போர் செவியை வருத்துவதையே நோக்கமாகக் கொண்டது என்பன அதன்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள். அதனை ஆதரித்து எழுதுவோர், இவையெல்லாம் கற்பனை. பாதுகாப்பான நகர்ப்புறத்து இளைஞர் சாவோடு விளையாடும் விளையாட்டு. எனவே தீங்கற்றவை என்று விடை கூறுவர். அமெரிக்காவின் ஃபுளோரிடாவையோ இங்கிலாந்தின் லிவர்பூலையோ சுவீடனின் ஸ்டாக்ஹோமையோ கருதும்போது இவ்விடை ஓரளவு பொருந்தும். ஆனால் சாவு கற்பனையாக இல்லாத ஓர் ஊரில் இவ்விசை தோன்றினால் அவ்விடை என்னவாகும் என்னும் வினா எழுகிறது. தென்னமெரிக்க நாடான கொலம்பியாவின் இரண்டாம் பெருநகர் மெடெயின் அத்தகையதோர் ஊர். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் அங்கு உருவான நிலத்தடி மெட்டல் இசையை அதன் பெயரீடு, மொழித்தேர்வு, குரல்முறை, அண்டைப் பனுவல்கள் ஆகியவற்றின் வழியாக அணுகி, அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வணிக நிறுவனங்கள், வானொலி, பெருங்கடைகள் ஆகியவற்றின் துணையின்றி இசைப்போரும் கேட்போரும் தம்முள் பரிமாறிக்கொண்டு வளர்த்த இசை என்னும் பொருளிலேயே 'நிலத்தடி' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது.

களமும் காலமும்

மெடெயின் ஆந்தியோக்கியா மாநிலத்தின் தலைநகர். அபுர்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த இந்நகர், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெசவாலைகளால் வளர்ந்தது. 1940களின் இறுதியில் தொடங்கிய உள்நாட்டு வன்முறைக்கு அஞ்சி நாட்டுப்புறத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் பள்ளத்தாக்கின் இருபுறத்துச் சரிவுகளிலும் தாமே வீடுகட்டிக் குடியேறின. ஆலைத் தொழில் தளர்ந்தபோது அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கு வேலை இல்லாமற்போயிற்று. அவ்வெற்றிடத்தில் கொக்கைன் வணிகம் புகுந்தது. 1984இல் நீதியமைச்சர் ரோத்ரிகோ லாரா பொனீயா சுட்டுக்கொல்லப்பட்டதும், 1989இல் குடியரசுத் தலைவர் பதவிக்கான வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலான் கொல்லப்பட்டதும் அரசுக்கும் போதைப்பொருட் குழுக்களுக்கும் இடையே மூண்ட போரின் எல்லைக்கற்கள். சரிவுக் குடியிருப்புகளின் பதின்பருவத்தினர் கூலிக்குக் கொல்லும் 'சிக்காரியோ'க்களாக அமர்த்தப்பட்டனர். 1991இல் இந்நகரில் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 380 பேர் கொலையுண்டனர். 1993 திசம்பர் 2 அன்று பாப்லோ எஸ்கோபார் இந்நகரின் ஒரு வீட்டுக் கூரையில் சுடப்பட்டு இறந்தான்.

இதே நகரம் கொலம்பிய இசைத்தட்டுத் தொழிலின் தலைமையிடமாகவும் விளங்கியது. 1934இல் கார்த்தஹேனாவில் தொடங்கப்பெற்ற டிஸ்கோஸ் ஃபுவெந்தெஸ் நிறுவனம் 1954இல் இங்குக் குடிபெயர்ந்தது. கும்பியா முதலிய நடனவிசைகள் இங்கிருந்தே கண்டம் முழுதும் பரவின. ஆயினும் மெட்டல் இளைஞர்க்கு அத்தொழில் பெரும்பாலும் எட்டாக்கனியாகவே இருந்தது. ஒலிநாடாக்களை அஞ்சல்வழிப் படியெடுத்துப் பரிமாறுதல், ஒளிநகல் எடுத்த சிற்றிதழ்கள், கையால் வரைந்த துண்டறிக்கைகள் ஆகியனவே அவர்தம் ஊடகங்கள். 1983இல் தோன்றிய பாராபெல்லம் குழு தன் முதல் குறுந்தட்டான 'சாக்ரிலேஹியோ'வை 1987இலும், அடுத்ததனை 1988இலும் வெளியிட்டது. ரேயன்கர்னசியோன், பிளாஸ்ஃபேமியா ஆகிய குழுக்களின் தட்டுகளும் 1988இல் வந்தன. இக்குழுவினர் தம் இசையை 'அல்ட்ரா மெட்டல்' என்று தாமே பெயரிட்டழைத்தனர். 1988இல் தொடங்கிய மசாக்ரே குழுவே முழுமையான டெத் மெட்டல் வடிவத்தை இங்கு நிலைநிறுத்தியது எனலாம். 1991இல் அதன் முதல் நெடுந்தட்டு 'ரெக்கியெம்' ஓஸ்மோஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின்வழி வெளிவந்தது. உள்ளூர்ப் பெருந்தொழில் ஏற்காத ஒலியை அயல்நாட்டுச் சிறுநிறுவனம் ஏற்றது என்பது கருதத்தக்கது.

பெயரும் தலைப்பும்

பனுவலுக்குள் நுழையும் வாசகனைத் தலைப்பு, பெயர், அட்டை முதலியன முன்கூட்டியே ஆற்றுப்படுத்துகின்றன என்பது பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ழெனெத்தின் கருத்து. பாடல் விளங்காத இசைவகைக்கு இக்கருத்து மிகவும் பொருந்தும். ஏனெனில் இங்குக் கேட்போனுக்குத் தெளிவாகக் கிட்டும் மொழிக்கூறு தலைப்பு ஒன்றே.

பாராபெல்லம் என்பது 'போருக்கு ஆயத்தமாகு' எனப் பொருள்படும் இலத்தீன் தொடர். ஒருவகைக் கைத்துப்பாக்கித் தோட்டாவின் பெயருமாகும். தேவாலயத்து மொழியும் தெருவின் ஆயுதமும் ஒரே சொல்லில் இணைகின்றன. 'சாக்ரிலேஹியோ' திருநிந்தை, 'பிளாஸ்ஃபேமியா' தெய்வப்பழிப்பு. ஐரோப்பிய மெட்டல் இசையிலும் இத்தகைய சமயப் பழிப்புகள் மலிந்துள்ளன. சமயம் தளர்ந்துவிட்ட நாடுகளில் அவை பெரும்பாலும் அலங்காரமாகவே நிற்கின்றன. ஆந்தியோக்கியாவோ கொலம்பியாவின் கத்தோலிக்கப் பற்று மிக்க நிலப்பகுதி. கூலிக்கொலை செய்த இளைஞர் மெடெயினை அடுத்த சபனேத்தாவிலுள்ள சகாய மாதா கோயிலில் வேண்டிக்கொண்டனர் என்பதும், இலக்குத் தவறாமைக்கும் உயிர் பிழைப்பதற்கும் மாதாவின் துணையை நாடினர் என்பதும் அக்கால எழுத்துகள் பலவற்றில் பதிவாகியுள்ளன. கொலைகாரன் வழிபாட்டில் மண்டியிடும் ஊரில் தெய்வப்பழிப்பு வேறொரு பொருள் பெறுகிறது. கொல்பவனும் கொல்லப்படுபவனின் தாயும் ஒரே திருவுருவின்முன் மெழுகுதிரி ஏற்றும் நிலையில், அத்திருவுருவைப் பழிப்பது அவ்வூர் உடன்பட்டிருந்த அமைதியைக் குலைக்கும் செயலாகும்.

மசாக்ரேயின் தலைப்புகள் இதனினும் நுட்பமானவை. 1989இல் வெளிவந்த முன்னோட்ட ஒலிநாடாவின் பெயர் 'கொலம்பியா, கொடுங்கோன்மையச்சத்தின் பேரரசு' எனப் பொருள்படும். கற்பனை நரகமன்று, நாட்டின் பெயரே இங்கு இடப்பெயராகிறது. 'ரெக்கியெம்' என்பது கத்தோலிக்கர் இறந்தோர் அமைதிக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலியின் பெயர். ஐரோப்பிய டெத் மெட்டல் தட்டுகள் பல அழுகலையும் அறுவையையும் தலைப்பிற் கொள்கின்றன; 1988இல் வந்த கார்கஸ் குழுவின் முதல் தட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மசாக்ரேயோ பிணத்தை விடுத்து இறுதிச்சடங்கைத் தலைப்பாக்குகிறது. 'கிறித்துவின் நினைவாகக் காட்டுமிராண்டித்தனமும் குருதியும்' என்னும் பொருளுடைய தலைப்பில் 1993இல் வந்த இரண்டாம் தட்டு, நற்கருணைச் சடங்கில் வரும் 'நினைவாக' என்னும் சொல்லைத் தலைகீழாக்குகிறது. கொலம்பசு வருகையின் ஐந்நூறாம் ஆண்டு 1992இல் கொண்டாடப்பட்ட சூழலுக்கு அடுத்த ஆண்டில் இத்தலைப்பு வந்தது என்பதை இணைத்து நோக்கும்போது, அதன் கூர்மை மேலும் விளங்கும். 2001இல் வந்த தட்டின் பெயர் 'மெய்யான சாவு'. இவ்வகை இசையில் சாவு பொய்யாகவும் இருக்கக்கூடும் என்னும் தன்னுணர்வு இத்தலைப்பில் வெளிப்படுகிறது. இசைவகையின் மீதான உள்ளிருந்தெழுந்த திறனாய்வாகவே இதனைக் கொள்ளலாம்.

மொழியும் குரலும்

அண்டை நாடான பிரேசிலின் நிலையோடு ஒப்பிடின் மெடெயினின் தனித்தன்மை தெளிவாகும். பெலோ ஓரிசோன்சே நகரிலிருந்து கோகுமெலோ என்னும் இசைத்தட்டுக் கடையின் வெளியீடாக 1985இல் தன் முதல் ஒலிப்பதிவைத் தந்த செப்புல்த்துரா குழு, தொடக்கமுதல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடியது. குழுவின் பெயர்கூட ஓர் ஆங்கிலப் பாடலைப் போர்த்துக்கீசியத்தில் பெயர்க்கும்போது கிடைத்த 'கல்லறை' என்னும் சொல்லே. ஆங்கிலம் அக்குழுவுக்கு உலகச் சந்தையைத் திறந்தது. உலகப் புகழ் பெற்ற பின்னரே அது தன் நாட்டை நோக்கித் திரும்பியது. 1992இல் சாவோ பாவுலோவின் கரந்திரு சிறையில் 111 கைதிகள் கொல்லப்பட்டதை 1993இலும், சவாந்தே பழங்குடியினரின் இசையை 1996இலும் அது தன் தட்டுகளில் கொணர்ந்தது. இத்திருப்பத்தை நாட்டினத்தைக் கேள்விக்குள்ளாக்கும் ஒலி எனக் கொண்டு இடெல்பர் அவெலார் விரிவாக ஆராய்ந்துள்ளார். உலகளாவியதற்கும் வட்டாரத்திற்கும் உள்ள உறவுக்கு எடுத்துக்காட்டாக இதே குழுவைக் கீத் கான்-ஹாரிஸ் ஆராய்ந்துள்ளார்.

மெடெயின் குழுக்களின் பயணம் வேறு திசையினது. பாராபெல்லமும் மசாக்ரேயும் இசுப்பானியத்தில் பாடின. ஆங்கிலமே இவ்விசையின் பொதுமொழியாக இருந்த காலத்தில் இத்தேர்வு வெளிச்சந்தையை இழக்கும் தேர்வு. ஆயினும் இங்கு ஒரு முரண் உள்ளது. டெத் மெட்டலின் உறுமல், குரல்வளையின் மேலமைந்த போலிக்குரல் மடிப்புகளை அதிரச் செய்து எழுப்பப்படுவது. அதில் உயிரொலிகளின் வேறுபாடு மங்கும், மெய்யொலிகள் சிதையும், சொல்லெல்லை அழியும். கேட்டுப் புரிந்துகொள்ள இயலாத குரலில் பாடுவதற்குத் தாய்மொழி எதற்கு என்னும் வினா எழலாம்.

விடை அப்பனுவல் வழங்கப்படும் முறையில் உள்ளது. இவ்விசையின் நாட்டமுள்ள கேட்பாளன் தட்டுறையில் அச்சிட்ட பாடலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறான். கண் சொல்லைப் படிக்கிறது; செவி சொல் உடைவதைக் கேட்கிறது. அயல்மொழிச் சொல் உடைந்தால் இழப்பு ஒன்றுமில்லை. தாய்மொழிச் சொல் உடையும்போதே உடைவு உணரப்படும். அன்றாடம் வீட்டிலும் கோயிலிலும் செய்தித்தாளிலும் வழங்கும் சொற்கள் தொண்டையில் நொறுங்கி வெளிவருதலே இங்கு நிகழும் இலக்கியச் செயல். துயரின் உச்சத்தில் மொழி ஓலமாகக் கரைவது எல்லாச் சமூகத்து இறப்புப் பாடல்களிலும் காணப்படுவதே. அவற்றில் சொல்லும் ஓலமும் மாறிமாறி வரும். இங்கோ இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

அண்டைப் பனுவல்கள்

இவ்விசையைத் தனியே வைத்து நோக்குவதினும், அதே நகரில் அதே காலத்தில் தோன்றிய மூன்று பனுவல்களோடு சேர்த்து நோக்குவது பயன்தரும்.

முதலாவது விக்டர் கவீரியா இயக்கிய 'ரோத்ரிகோ டி: எதிர்காலம் இல்லை' என்னும் திரைப்படம். 1990இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இது திரையிடப்பட்டது. சரிவுக் குடியிருப்பின் இளைஞர்களே நடித்தனர்; அவருள் பலர் படம் வெளிவருவதற்கு முன்னரே கொலையுண்டனர். படத்தின் இசை உள்ளூர்ப் பங்க், மெட்டல் குழுக்களுடையது. தாயை இழந்த இளைஞன் ஒருவன் முரசுக் கருவி வாங்கும் விருப்போடு நகரெங்கும் அலைவதே கதையின் முதுகெலும்பு. அவனுக்கு அக்கருவி இறுதிவரை வாய்க்கவில்லை. இரண்டாவது, அலோன்சோ சலசார் 1990இல் வெளியிட்ட 'விதைக்கென நாங்கள் பிறக்கவில்லை' என்னும் பொருளுடைய நூல். கூலிக்கொலைக் குழுக்களைச் சேர்ந்த இளைஞர், அவர்தம் தாயர் ஆகியோரின் வாய்மொழிகளை அது தொகுத்தளிக்கிறது. மூன்றாவது, 1994இல் ஃபெர்னாந்தோ வயேஹோ எழுதிய, 'கொலையாளிகளின் மாதா' எனப் பொருள்படும் நாவல். இதன் கதைசொல்லி ஓர் இலக்கண அறிஞன். நகரின் இரைச்சலையும் கொச்சைமொழியையும் வெறுப்பவன். அவன் எரிச்சலுக்கு ஆளாகி, அவனுடைய இளந்தோழனால் கதையில் முதலிற் கொல்லப்படுவோருள் ஒருவன், இரவில் ஓசையெழுப்பித் தொல்லை தந்த அண்டைவீட்டுப் பங்க் இளைஞன்.

இம்மூன்றிலும் ஓசைக்குரிய இடம் எண்ணத்தக்கது. கவீரியாவின் இளைஞன் முரசைத் தேடிக் கிடைக்காமல் அழிகிறான். வயேஹோவின் இளைஞன் ஓசையெழுப்பியதாலேயே அழிகிறான். சலசாரின் நூலில் இளைஞர் பேசுகின்றனர். ஆனால் பேச்சை வாங்கி எழுத்தாக்குபவர் மற்றொருவர். திரைப்படம், சான்றுரை, நாவல் ஆகிய மூன்றிலும் சரிவில் வாழும் இளைஞன் பிறரது பார்வைக்குரிய பொருளாகவே நிற்கிறான். மெட்டல், பங்க் ஒலிப்பதிவுகளில்தாம் அவ்விளைய தலைமுறை இடையாளரின்றித் தானே ஓசையெழுப்புகிறது. இலக்கண அறிஞனால் பொறுக்கவியலாத அவ்வோசை, இலக்கியத்தின் விளிம்பில் இலக்கியத்திற்கு எதிர்மொழி கூறுவதாக அமைகிறது.

மெய்ப்பாட்டு நோக்கு

இவ்விசை எழுப்பும் உணர்வு யாது என்பதில் திறனாய்வாளரிடையே தெளிவில்லை. அச்சமூட்டுவது என்பாரும் அருவருப்பூட்டுவது என்பாரும் உளர். உணர்வை அது பிறக்கும் களத்தால் வகைப்படுத்தும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்துக் கருவியாகப் பயன்படக்கூடும். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களை அது கூறுகிறது. இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன களன்கள். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன களன்கள்.

ஃபுளோரிடா, லிவர்பூல் குழுக்களின் பாடுபொருள் பெரும்பாலும் அணங்கிலும் பிணியிலும் நிற்கிறது. அதாவது பேய்க்கதையின் அச்சமும் மருத்துவ நூலின் இளிவரலும். மெடெயின் குழுக்களின் பெயர்களும் தலைப்புகளும் சுட்டுவன வேறு. உறுப்புச் சிதைத்தல், குடியழித்தல், அலைக்கழித்தல், கொல்லுதல் ஆகிய நான்கும் ஆந்தியோக்கியாவின் அக்கால வரலாறே. ஆகவே ஒரே இசைவடிவம், ஒரே உறுமல், ஒரே வேகம் ஆகியன ஓரிடத்தில் அச்சமாகவும் மற்றோரிடத்தில் வெகுளியாகவும் பொருள்படுகின்றன. வடிவம் ஒன்றாயினும் நிலைக்களன் வேறாயின் மெய்ப்பாடும் வேறாகும் என்பதே இதனாற் பெறப்படுவது. இவ்விசையைக் கேட்டு 'இவ்விளைஞர் வன்முறையை விரும்புகின்றனர்' என்று கூறுவது, வெகுளியை உவகை எனப் பிறழ உணர்ந்ததன் விளைவாகும்.

திறனாய்வின் பொறுப்பு

இவ்விடத்தில் எதிர்த்திசையில் நேரும் ஒரு பிழையும் சுட்டப்பட வேண்டும். வட அமெரிக்க, ஐரோப்பிய ஆர்வலர் சிலர் பாராபெல்லத்தின் பதிவுகளை, 'கட்டற்ற காட்டுத்தன்மை', 'உண்மையான தீமை' எனப் போற்றுகின்றனர். சுருதி பிறழ்ந்த கிதாரும், அரைகுறையாகப் பதிவான முரசும் அவர்க்கு மெய்ம்மையின் முத்திரைகளாகத் தோன்றுகின்றன. நல்ல கருவியும் நல்ல ஒலிப்பதிவுக் கூடமும் எளிதில் கிட்டாத இளைஞரின் வறுமை, கேட்போனின் நாட்டில் அழகியலாக மாறுகிறது. நூறாயிரத்துக்கு 380 என்னும் எண் தட்டுக்கு விளம்பரமாகிறது. எல்லைமீறல் இவ்விசையுலகில் ஒருவகை மூலதனமாக வழங்குகிறது என்று கான்-ஹாரிஸ் 2007இல் எழுதினார். அவ்வாறாயின் மெடெயினின் சாவுகள் அயலார் கையிருப்பில் சேரும் மூலதனமாகின்றன எனல் வேண்டும்.

'கொலைக்கு அருகில் வாழ்ந்தவன் பாடினான். ஆகவே பாடல் உயர்ந்தது' என்னும் வாதம் திறனாய்வாகாது. அருகாமை வாழ்க்கை வரலாற்றுச் செய்தி. அது தரத்திற்குச் சான்றன்று. அவ்வூரில் அதே அருகாமையில் வாழ்ந்த பலரும் கொலையாளியைப் புகழும் கதைகளை உருவாக்கினர். எஸ்கோபாரை நாயகனாக்கிய கதைகள் பின்னாளில் உலகத் தொலைக்காட்சியில் பெருஞ்சரக்காயின. மசாக்ரேயின் தட்டுகளை அவற்றிலிருந்து பிரிப்பது வடிவம். இத்தட்டுகளின் பெயரீட்டில் கொல்பவனுக்குப் பெயரில்லை, முகமில்லை, வீரமில்லை. தலைப்பு இறந்தோரின் சடங்கைச் சார்ந்து நிற்கிறது. துப்பாக்கியைக் கண்டு மயங்கும் கதைமரபுக்கு எதிரான இத்தேர்வே இவ்விசையின் அறம்.

அதே வடிவத்தில் குறையும் உண்டு. கொல்பவனுக்குப் பெயர் மறுத்த இவ்விசை, இறந்தவனுக்கும் பெயர் தரவில்லை. தமிழ்ப் புறத்திணை மரபின் கையறுநிலை இறந்தவனை ஊரும் பேரும் கூறி இரங்குவது. மெடெயினின் ரெக்கியெம் பெயரற்ற கூட்டத்துக்குரிய இரங்கல். செய்தித்தாள் எண்ணாகக் குறைத்தவர்களை இசை ஓசையாக மீட்டது, மாந்தராக மீட்கவில்லை. மேலும், சலசாரின் நூலில் வலிமையாக ஒலிக்கும் தாயரின் குரல் இவ்விசையில் ஏறத்தாழ இல்லை. இசைப்போர் பெரும்பாலும் ஆடவர். மேடைமுன் நின்றோரும் பெரும்பாலும் ஆடவர். இறந்த மகனை அடக்கம் செய்து எஞ்சி வாழ்ந்தவள் பெண்ணாயிருக்க, இறப்பின் இசை ஆடவர் குரலிலேயே அமைந்தது இக்களத்தின் பெருங்குறை.

முடிவுரை

2010களின் இடைப்பகுதியில் மெடெயினின் கொலைவீதம் நூறாயிரத்துக்கு 20 என்னும் அளவிற்குக் குறைந்தது. வன்முறைக்கு இரையானோர்க்கென ஒரு நினைவு இல்லம் நகரில் எழுப்பப்பட்டுள்ளது. தெருவோரம் ஒதுக்கப்பட்ட இசைக்கு, 2004 முதல் நகராட்சியின் துணையோடு நடைபெற்ற அல்தாவோஸ் விழாவில் பெருமேடையும் கிடைத்தது. நிலத்தடியில் இருந்தது நிலத்தின்மேல் வந்தபின் அதன் கூர்மை மழுங்குமா என்பது தனியே ஆராயத்தக்கது.

டெத் மெட்டல் சாவைக் கற்பனையாக்குவதால் தீங்கற்றது என்னும் ஆதரவுரை மெடெயினில் பொருந்தவில்லை. அது வன்முறையின் எதிரொலியே என்னும் கண்டனமும் பொருந்தவில்லை. கொலை அன்றாடச் செய்தியாகி, அன்றாடச் செய்தி வெறும் எண்ணாகித் தேய்ந்துபோன ஊரில், அவ்வெண் மீண்டும் செவியை வருத்துமாறு செய்ததே அவ்விசையின் பணி. அவ்வோசையை இரைச்சல் என ஒதுக்குவது எளிது. வயேஹோவின் இலக்கண அறிஞன் செய்ததும் அதுவே. மொழியையும் அதன் ஒழுங்கையும் தொழிலாகக் கொண்டோர் அனைவரும் அந்நாவலின் அப்பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நன்று.